உப்புக் காற்றில் சின்னக் கார்

(பழவேற்காட்டில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும் முன்பே என் கைக்குச் சில துண்டுச்சீட்டுகள் வந்துவிட்டன. கையெழுத்து வேறு வேறு, பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான். "ஓட்ட சூப்பரா இருக்கும்னு சொல்ற காரை வாங்கலாமா, ரிப்பேரே வராதுன்னு சொல்ற காரை வாங்கலாமா?" ஒரு தம்பி கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அப்பா ரெண்டாவதைச் சொல்றார்." (சிரிப்பு)

நான் அப்பாவுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் இல்லை. காரை அரிசி மூட்டை மாதிரி எடைபோட்டு வாங்கச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே கிடையாது. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று தவணை கட்டப்போகிறவன் அதை ஓட்டும்போது கொஞ்சம் சந்தோஷப்படவும் வேண்டும்தானே? ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பையன்களுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஓட்டுவதில் ரசனை உள்ளவன்தான் வண்டியையும் ஒழுங்காக வைத்துக்கொள்வான். பேரிங்கில் சின்னச் சத்தம் வந்தால் அவன் காதுக்குத்தான் முதலில் கேட்கும்.

ரசனை எதில் இருக்கிறது என்பதில்தான் விளம்பரக்காரர்கள் நம்மைக் குழப்பிவிட்டார்கள். குதிரைத்திறன், டர்போ, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்கிற கணக்கு. பொன்னேரியிலிருந்து இங்கே வரும் சாலையை நினைத்துப் பாருங்கள். எதிரே பஸ் வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். வளைவு திரும்பினால் ஆட்டுமந்தை, அதற்கப்புறம் ஐஸ் ஏற்றிய லோடு வண்டி. இந்தச் சாலையில் 120 குதிரைத்திறனை எங்கே அவிழ்த்துவிடப் போகிறீர்கள்?

மாருதி 800 ஓட்டியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 தொடக்கம் வரை தயாரித்தார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். காகிதத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் மொத்த எடை 650 கிலோ அளவுதான். நாற்பதில் போனாலும் கால் சொல்வதை வண்டி கேட்கும், ஸ்டீயரிங்கில் சாலை தெரியும். 1993-ல் வந்த ஜென் அதைவிட ஒரு படி மேல். 993 சிசி அலுமினிய இன்ஜின், 50 குதிரைத்திறன், எடை அதிகம் ஏறவில்லை. ஜென்னை இரண்டாம் கியரில் திருப்பிவிட்டு மூன்றுக்கு மாற்றியவனுக்கு நான் சொல்வது புரியும். என் கணக்கில் ஓட்டும் சுகத்துக்கு முதல் காரணம் குறைந்த எடை. எடை குறைந்த வண்டிக்குப் பெரிய இன்ஜின் வேண்டாம். பெரிய இன்ஜின் இல்லாவிட்டால் கெட்டுப்போகிற பாகமும் குறைவு. ஆசையும் அப்பாவும் சண்டை போடாமல் உட்கார்கிற இடம் அது ஒன்றுதான்.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததும் இல்லை. நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கே ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. முழு பானெட்டும் முன்பக்கமாகத் திறந்து விரியும், மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு அதற்கு. அந்தக் காலத்து அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பின்பக்கம் ஒரே ஆக்ஸில்தான். ஹெரால்டு ஓட்டியவர்கள் அதை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் பின்னால் நாலு பேரை ஏற்றினால் சக்கரம் அகலக் கால் வைத்துச் சரியும். வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் உள்ளே மடங்கும். நம் ஊர்ச் சாலையும் சரி, நம் ஊர் மெக்கானிக்கும் சரி, அந்த அமைப்போடு ஒத்துப்போகவில்லை. 1970-களில் அதே கம்பெனி கஸெல் என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. அதே 948 சிசி இன்ஜின், பின்னால் மட்டும் சாதாரண ஒற்றை ஆக்ஸில். ஹெரால்டை ஹெரால்டு ஆக்கியது எதுவோ அதையே எடுத்துவிட்டு, கெடாத வண்டியாக்கி விற்றார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தெருமுனை மெக்கானிக்கால் பிரித்துப் பூட்ட முடியாத ஒன்றை இந்த நாட்டில் விற்பது கஷ்டம் என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

மெக்கானிக் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1248 சிசி டீசல் இன்ஜின் ஒன்று. வடிவமைத்தது இத்தாலியின் ஃபியட். 2007-ல் மாருதி அதை உரிமம் பெற்று ஸ்விஃப்ட்டில் வைத்தது. டாடாவும் தன் வண்டிகளில் வைத்தது. 2009-ல் ஃபியட் தன் சொந்த புன்டோவிலும் வைத்தது. புன்டோவின் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், கதவைச் சாத்தும்போது வரும் அந்தக் கனமான சத்தம் எல்லாமே ஸ்விஃப்ட்டைவிட மேல் என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். என்ன நடந்தது? ஸ்விஃப்ட் டீசலுக்கு ஜனம் மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்தது. புன்டோ ஷோரூமில் தூசி படிந்து நின்றது. 2020-க்குள் ஃபியட் கார்கள் நம் சந்தையிலிருந்தே போய்விட்டன. இன்ஜின் ஒன்றுதான் என்பதால் இன்ஜினைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வண்டிக்கு ஊருக்கு ஊர் ஒர்க்‌ஷாப் இருந்தது, கடையில் ஃபில்டர் கிடைத்தது. இன்னொன்றுக்கு விளக்குக் கண்ணாடி உடைந்தால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம்பகம் என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் இரும்புக்குச் சம்பந்தமே இல்லாதது.

இது கடலுக்குப் போகும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு பெருகிய காலத்திலிருந்து நீங்கள் இன்ஜின் வாங்குகிற முறையைப் பாருங்கள். முகத்துவாரம் தாண்டிய பிறகு இன்ஜின் நின்றால் ஷோரூமுக்குப் போன் போட்டு ஆள் வரவழைக்க முடியாது. அதனால் குப்பத்தில் பத்துப் பேரிடம் என்ன இன்ஜின் இருக்கிறதோ அதையே பதினோராவது ஆளும் வாங்குகிறார். பக்கத்துப் படகில் கழற்றி இங்கே மாட்டலாம், கரையில் இருக்கும் பையன் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான். புதிதாக வந்த மாடல் பத்து கிலோ குறைவு, சத்தம் குறைவு, வேகம் கூட என்று விற்பனைக்காரர் வந்து சொன்னால், "முதல்ல நாலு பேர் வாங்கட்டும்" என்பீர்கள். படகில் இவ்வளவு தெளிவாக இருக்கிற மனிதர், கார் ஷோரூமுக்குள் ஏசி காற்றுப் பட்டதும் எப்படித்தான் மாறிப்போகிறாரோ.

இனி வாரண்டிக்கு வருகிறேன். சீட்டு எழுதிய பலரும், "அதான் வாரண்டி இருக்கே, எந்தக் காரா இருந்தா என்ன?" என்று நினைக்கிறீர்கள்.

2019-ல் டொயோட்டா கிளான்ஸா என்ற கார் வந்தது. அது மாருதி பெலேனோதான். அதே இன்ஜின், அதே உடல், முத்திரை மட்டும் வேறு. டொயோட்டா கொடுத்த வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். பெலேனோவுக்கு மாருதி கொடுத்தது 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர். ஒரே காருக்கு இரண்டு ஆயுளா? 2024 ஜூலையில் மாருதியும் 3 வருடம், 1 லட்சம் என்று ஏற்றியது. அன்று காலையில் இரும்பு திடீரென்று கெட்டியாகிவிடவில்லையே! வாரண்டி என்பது இத்தனை நாளைக்குள் பழுது வந்தால் செலவு யாருடையது என்கிற வியாபார ஒப்பந்தம். வண்டி எவ்வளவு நல்லது என்பதற்கு அது அளவுகோலே கிடையாது.

சில சமயம் நீளமான வாரண்டியே எச்சரிக்கை மணியாக இருக்கும். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டிஎஸ்ஜி கதையைக் கேளுங்கள். இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அது. கண் சிமிட்டும் முன் கியர் மாறும், ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். 2012-ல் சீனாவில் புகார் குவிந்ததும் அந்தக் கியர்பாக்ஸுக்கு மட்டும் 10 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று வாரண்டியை நீட்டினார்கள். 2013 மார்ச்சில் அங்கே 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களுக்கு அந்த கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிக்கொடுத்தார்கள். காரணமாகச் சொன்னது இது: வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள இடத்தில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், அந்த செயற்கை ஆயிலால் மின்சாரப் பகுதியில் ஷார்ட் சர்க்யூட் ஆக வாய்ப்பு உண்டு. வெப்பம், ஈரம், நின்று நின்று போகும் போக்குவரத்து. மணலியிலும் எண்ணூரிலும் கன்டெய்னர் லாரி வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? அந்த வகைக் கியர்பாக்ஸோடுதான் 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ இந்தியாவுக்கு வந்தது. சின்னக் கார்களில் அவ்வளவு இன்பம் தந்தவை மிகக் குறைவு. வாரண்டி முடிந்த மறுநாள் முதல் சொந்தக்காரர்களுக்கு அவ்வளவு வயிற்றைக் கலக்கியவையும் குறைவுதான். கியர்பாக்ஸை இயக்கும் மெகட்ரானிக்ஸ் என்ற ஒரு பெட்டி போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். எல்லா வண்டியிலும் போகவில்லை, பல வண்டிகள் இன்றும் ஜம்மென்று ஓடுகின்றன. ஆனால் போகிற வண்டி யாருடையது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

ஜப்பான் வண்டி என்றால் கவலையே இல்லை என்று கைதட்ட வேண்டாம். மாருதி தன் சின்னக் கார்களிலேயே கொஞ்சம் குறும்பாக ஒன்று செய்தது, பெலேனோ ஆர்எஸ். 2017-ல் வந்தது, ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன். 2023 ஏப்ரலில் அதில் 7,213 கார்களை பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பில் சந்தேகம் என்று திரும்ப அழைத்தார்கள். இப்படித் திரும்ப அழைப்பதற்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாதுகாப்புக் குறைபாடு இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசாங்கமே கம்பெனிக்கு உத்தரவு போடலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இப்படி அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டி புத்தகத்தின் பின்பக்கப் பொடி எழுத்து நம் ஊருக்காகவே எழுதியது போல இருக்கும். உப்பால் வரும் துரு, வெள்ளத்தால் வரும் சேதம், வாடகைக்கு ஓட்டியதால் வரும் தேய்மானம் எல்லாம் பொதுவாகச் சேராது. பழவேற்காட்டில் ஒரு கார் வேறு எதனால்தான் கெடப்போகிறது, சொல்லுங்கள்?

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். விடியற்காலை. நண்டும் இறாலும் தெர்மோகோல் பெட்டியில், மேலே ஐஸ், அதன் மேல் டேப். பெட்டி டிக்கியில். கீழே ஒரு சாக்கு விரித்தாயிற்று என்று நிம்மதி. பொன்னேரி தாண்டுவதற்குள் பெட்டியின் மூலையிலிருந்து நீர் கசிகிறது. வெறும் நீர் இல்லை, உப்பும் மீன் கழிவும் கலந்தது. சாக்கு நனைகிறது, அதன் கீழே இருக்கும் விரிப்பு நனைகிறது, அதற்கும் கீழே ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருக்கும் குழியில் அது போய்த் தேங்குகிறது. யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒரு மழைக்காலம் போனால் குழியின் தையல் ஓரத்தில் காவி நிறம் வரும், அடுத்த மழைக்காலத்தில் விரல் உள்ளே போகும். பின்விளக்குக்கும் சென்சாருக்கும் போகும் ஒயர் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. கனெக்டரின் செம்புப் பின் பச்சை பூத்துவிடும். ஒருநாள் டேஷ்போர்டில் ஏதோ ஒரு மஞ்சள் விளக்கு எரியும், ஷோரூமில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, "வயரிங் செட் மாத்தணும், வாரண்டியில வராது" என்பார்கள். சென்சார் கூடக்கூட இந்த மஞ்சள் விளக்குக்கும் வாய்ப்பு கூடுகிறது. பழைய 800-ல் கனெக்டர் பச்சை பூத்தால் உப்புத்தாளால் தேய்த்து மாட்டினோம், வேலை முடிந்தது.

இதற்கு வைத்தியம் பெரிதாக ஒன்றும் இல்லை. டிக்கியில் ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கதவின் அடியில் இருக்கும் நீர் வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள், மணல் அடைத்தால் கதவு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். பேட்டரியின் எர்த் ஒயர் உடலோடு சேரும் இடத்தை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். புயல் மழையில் சாலையில் தண்ணீர் ஏறியிருந்தால் சின்னக் காரை இறக்கவே இறக்காதீர்கள். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றபோது பிழைத்து, சொந்தக்காரர் சாவி போட்ட பிறகு செத்தன. இதற்கு வாரண்டி கிடையாது. இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால் உண்டு.

கிலோமீட்டர் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இங்கிருந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தினமும் போய்வருகிறவருக்கு ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் குறையாது. வருடம் 300 நாள் என்றால் 30,000. அவருக்கு 2 வருடம், 40,000 என்ற பழைய வாரண்டி பதினாறே மாதத்தில் முடிந்திருக்கும். 3 வருடம், 1 லட்சம் என்பது அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பவருக்கு 3 வருடத்தில் 15,000 கூட ஓடியிருக்காது. அவருக்குக் கிலோமீட்டர் எவ்வளவு கொடுத்தாலும் வீண், வருடம்தான் வேண்டும். நீட்டித்த வாரண்டிக்குக் காசு கட்டும் முன் நீங்கள் இந்த இருவரில் யார் என்று பாருங்கள். டர்போ, ஆட்டோமேட்டிக் இரண்டும் உள்ள வண்டி என்றால் கம்பெனியே தரும் நீட்டிப்பைக் கட்டாயம் வாங்கச் சொல்வேன். ஐந்து கியர் மேனுவல், டர்போ இல்லாத பெட்ரோல் என்றால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள்.

புது வண்டி மறுபடி மறுபடி கெட்டால் வண்டியையே மாற்றித் தருவார்களா என்றும் ஒரு சீட்டு இருக்கிறது. எளிதில் மாட்டார்கள். மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது என்றால், முழுக் காரையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது. ஆனால் பாகத்தையே மாற்றாமல் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது திருவள்ளூரில். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். சிக்கல் வந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஒவ்வொரு முறை வண்டி விடும்போதும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வாயால் சொன்னது எதுவும் அங்கே செல்லாது.

கடைசிச் சீட்டு, இதுதான் எனக்குப் பிடித்தது. "பழைய ஃபோர்டு ஃபிகோ டீசல் ஒண்ணு விலைக்கு வருது, கம்பெனியே போயிடுச்சே, எடுக்கலாமா?"

2010-ல் வந்த முதல் ஃபிகோ மறைமலை நகரில் பிறந்தது, நம் பக்கத்து வண்டி. 69 குதிரைத்திறன்தான், ஆனால் அந்த ஸ்டீயரிங் மாதிரி அந்த விலையில் வேறு எதிலும் கிடையாது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றும் சொன்னது. தொடரத்தான் செய்கிறது, ஆனால் ஒர்க்‌ஷாப் எண்ணிக்கை குறைந்தது. உங்களுக்கு வாரண்டி எப்படியும் இல்லை, ஆகவே அந்தக் கவலையை விடுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் போய், "இதைப் பிரிப்பியா?" என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிரிப்பேன் என்றால் வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி அடியில் துரு பாருங்கள், ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள், அது அறுந்தால் இன்ஜினே போய்விடும். 2010-ல் பதிவான வண்டிக்கு 15 வருடம் முடிந்துவிட்டது, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் புதுப்பேட்டையில் அலைந்து ஸ்பேர் தேட உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பது மட்டும்தான் பாக்கி. இருந்தால் எடுங்கள் தம்பி. சொல்லும் விலையில் ஒரு பெல்ட் செட்டும் ஒரு கிளட்ச் செட்டும் கழித்துக் கேளுங்கள். காசிமேட்டுக்கு இறால் பெட்டி ஏற்றிப்போக மட்டும் அதை எடுக்காதீர்கள், அதற்கு அப்பா சொல்கிற வண்டியே இருக்கட்டும்.